வேளாங்கண்ணி கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லையே, அதற்கு உங்கள் பதில் என்ன?

கேள்வி: ராயபுரத்திலிருந்து ஒரு தம்பி
27 ஏப்ரல் 2025

அண்ணே, 2004 சுனாமியில வேளாங்கண்ணி கடற்கரையே போச்சு. மாதா கோயிலுக்குள்ள மட்டும் தண்ணி வரல. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். கடவுள் இல்லைன்னு சொல்றீங்களே, இதுக்கு என்ன சொல்றீங்க? சுத்தி வளைக்காம நேரா சொல்லுங்க.

27 ஏப்ரல் 2025, இரவு

நேராகவே சொல்கிறேன், தம்பி. பேராலயத்துக்குள் தண்ணீர் போகவில்லை, உண்மைதான். அன்றைக்கு டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மாதாவைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்திருந்த ஜனம் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்றிருந்தது. அதில் நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். கோயிலைத் தொடாத அலையும் அவர்களைக் கொண்டுபோன அலையும் ஒரே அலை. முதல் பாதி மாதாவின் செயல் என்றால் இரண்டாவது பாதி யாருடைய செயல்?

கோயில் கொஞ்சம் மேட்டில் இருப்பதால் தண்ணீர் ஏறவில்லை. அவ்வளவுதான்.

28 ஏப்ரல் 2025

நேற்று எழுதிய கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அந்த மேட்டை நான் அளந்ததில்லை. வாயில் வந்ததை எழுதிவிட்டேன்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். நாளைக்கு ஒருத்தர் மட்டப்பலகையும் கையுமாகப் போய் அளந்து, கோயிலும் பக்கத்துத் தெருவும் ஒரே மட்டம்தான் என்று காட்டினால் நான் கடவுளை நம்பிவிடுவேனா? மாட்டேன். அப்படியானால் மேடு என் காரணமே கிடையாது. நான் எந்தப் படியில் நிற்கவில்லையோ அந்தப் படியைத் தம்பிக்குக் காட்டியிருக்கக் கூடாது.

நான் நிற்கும் படி அந்த இரண்டாவது பாதிதான். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்றைக்குக் காலையில் நான் காசிமேட்டில் இருந்தேன். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக், 37 வயது. துறைமுகத்துக்குள் தண்ணீர் வற்றி, பிறகு பொங்கியது. கட்டிப்போட்டிருந்த படகுகள் தீப்பெட்டி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அந்தோணியார் பேர் எழுதிய படகின் மேல் வடிவேல் முருகன் பேர் எழுதிய படகு கிடந்தது. ஒன்றின் முகப்பில் ஜெபமாலை, இன்னொன்றில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். இரண்டுக்கும் அடிப்பலகை உடைந்திருந்தது. இரண்டையும் நான்தான் பிறகு இன்ஜின் இறக்கிக் கழுவினேன். உப்பும் மணலும் சிலிண்டருக்குள் ஒரே மாதிரிதான் போயிருந்தது.

2 மே 2025

தம்பி விடவில்லை. "பொழைச்சவங்க எத்தனை பேர் சாட்சி சொல்றாங்க, அதெல்லாம் பொய்யா?" என்று கேட்கிறார்.

பொய்யில்லை. பிழைத்தவர் பிழைத்தார், வேண்டிக்கொண்டார், இரண்டும் நடந்தது. இதே கேள்வி ரொம்பப் பழசு. கிரேக்க நாட்டு மெலோஸ் தீவில் தியாகோரஸ் என்று ஒருவர், கடவுளை நம்பாதவர் என்று பேர் எடுத்தவர். அவருடைய கதையை ரோமாபுரி சிசரோ கி.மு. 45-ல் எழுதிவைத்திருக்கிறார். தியாகோரஸை ஒரு கோயிலுக்கு அழைத்துப்போய், சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினாராம் அவருடைய நண்பர். கடலில் புயலில் மாட்டி, நேர்ந்துகொண்டு, பிழைத்து வந்தவர்கள் காணிக்கையாக வைத்த படங்கள். "இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது தெய்வம், இன்னுமா நம்பவில்லை?" என்று கேட்டிருக்கிறார். "நேர்ந்துகொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார் தியாகோரஸ்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சுவர் அப்படியேதான் இருக்கிறது. வேளாங்கண்ணியில் கை, கால், கண், தொட்டில், வீடு, படகு என்று வெள்ளித் தகடுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். நம்ம அம்மன் கோயில்களில் கண்மலர் சாத்துகிறோம். ஒவ்வொரு தகடும் உண்மையான ஆளின் உண்மையான நன்றி. அதை நான் ஒருநாளும் கிண்டல் பண்ணமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி பாதிக் கணக்கு. திரும்பி வராதவனின் தகடு அதில் இருக்காது.

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் வந்த பூகம்பமும் இப்படித்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், காலைப் பூசை நேரம். கோயில்கள் நிரம்பியிருந்தன. கூரை விழுந்தது கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையில். ஐரோப்பாவில் பல பேரை அந்த ஒரு நாள் யோசிக்க வைத்தது.

3 மே 2025

"நாத்திகம் ஈரோட்டுச் சரக்கு, மீனவனுக்கு எதற்கு?" என்று ஒருவர். சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியார் பிறந்தது 1879. அவர் சின்னப் பையனாக இருந்த 1880-களிலேயே இந்தச் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒரு கடவுள் மறுப்பாளர் சங்கம் இருந்தது. 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தி, மூட நம்பிக்கையையும் சாதியையும் கேள்வி கேட்டார்கள். இது நம்ம ஊர்ச் சரக்குதான்.

5 மே 2025

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. படகெல்லாம் கரையில், ஆனால் எங்களுக்கு இப்போதுதான் வேலை. பகலில் எழுத முடியவில்லை.

திருவொற்றியூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி மாதிரி அற்புதத்தைப் பிடிக்கவில்லை, அனுமானத்தைப் பிடிக்கிறார். "பானை இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகம் பானையைப் போல் தோன்றி நின்று அழிவது. ஆகவே அதற்கும் ஒரு நிமித்த காரணன் உண்டு." சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குத் தெரிந்த வழி. சிவஞான போதத்தின் முதல் சூத்திரமே இதைத்தான் எடுக்கிறது. வடக்கே நியாயம் என்ற தர்க்க மரபில் உதயனர் இதை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

ஐயா, நான் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன், என் பாஷையில் சொல்கிறேன். ஒரு இன்ஜினைப் பார்த்ததும் "இதை ஒருத்தன் செய்திருக்கிறான்" என்று எனக்குத் தெரிவது எப்படி? இன்ஜின் செய்கிறவர்கள் இருப்பது எனக்குத் தெரியும். வார்ப்பு, லேத், நாஸில் டெஸ்ட் எல்லாம் பார்த்திருக்கிறேன். பானையும் அப்படியே, குயவரைப் பார்த்திருக்கிறோம். உலகம் செய்கிற இடத்தை ஒருவரும் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதற்குள்தான் நாமும் இருக்கிறோம்.

அடுத்தது, இன்ஜினை ஒருத்தன் செய்வதில்லை. கிராங்க் ஷாஃப்ட் ஒரு ஊர், பிஸ்டன் ஒரு ஊர், பேரிங் ஒரு ஊர், சீல் இன்னொரு நாடு. உலகத்துக்கும் ஒரு பட்டறை நிறைய ஆள் என்று ஏன் சொல்லக் கூடாது? செய்தவன் செத்தும் போயிருக்கலாம். பானை இருக்கும்போதே குயவன் போய்ச் சேர்வது உண்டுதானே.

இதை நாத்திகன்தான் சொல்வான் என்று நினைக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசரே, பிரம்ம சூத்திரத்துக்குத் தான் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில், அனுமானத்தைக் கொண்டு ஈசுவரனை நிரூபிக்க முடியாது என்று வாதாடுகிறார். உலகம் பல பேரால் பல காலத்தில் ஆகியிருக்கக் கூடாதா என்று நியாயக்காரர்களை அவரே மடக்குகிறார். பெருமாளை அவர் அறிந்தது சாத்திரத்தின் வழியாக, பானையின் வழியாக அல்ல. வேதத்தை ஒரு எழுத்து விடாமல் ஏற்ற மீமாம்சகர் குமாரிலரோ படைத்தவன் என்று ஒருவன் இருப்பதையே மறுத்தவர். இவ்வளவு பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாத பானையை என் தலையில் ஏன் வைக்கிறீர்கள்?

6 மே 2025

ஐயா கேட்கிறார்: "அப்படியானால் முதல் தள்ளு யார் தள்ளியது? நின்ற இன்ஜின் தானாக ஓடுமா?"

தெரியாது. தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று எழுதி வைக்கிறேன். நீங்கள் அந்த இடத்தில் 'கடவுள்' என்று எழுதுகிறீர்கள். அவரைத் தள்ளியது யார் என்று கேட்டால், அவருக்குத் தள்ளு வேண்டாம் என்கிறீர்கள். தள்ளு வேண்டாத ஒன்று இருக்க முடியும் என்றால், அது உலகமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே.

பிரபஞ்சம் விரிகிறது, ஒரு சின்ன நிலையிலிருந்து தொடங்கியிருக்கும் என்று சொன்னவர் ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கண்டுபிடிப்பைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசினார். லெமைத்ருக்கே அது பிடிக்கவில்லை. இயற்பியல் வேறு, விசுவாசம் வேறு என்று நின்றார். அங்கி போட்ட அந்த மனுஷனின் நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

11 மே 2025

இன்று கண். "மனுஷன் கண்ணைப் பாருங்கள், எந்தக் கேமராவுக்கும் இந்த நேர்த்தி வருமா? கோளாறே இல்லாத வடிவமைப்பு" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.

ஒரு தாளில் இடது பக்கம் பெருக்கல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியையே பாருங்கள். தாளை மெல்ல முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். முக்கால் முழத்திலிருந்து ஒரு சாண் வரும்போது ஓரிடத்தில் புள்ளி காணாமல் போய்விடும். என் பேரப்பிள்ளைக்குக் காட்டினேன், பத்து தடவை செய்து பார்த்தாள்.

நம் கண்ணில் ஒளியை வாங்கும் திரைக்கு முன்பக்கமாக நரம்புகள் ஓடுகின்றன. அவை வெளியே போக அந்தத் திரையில் ஓர் ஓட்டை வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டையில் பார்வை கிடையாது. காசிமேட்டில் விற்கும் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணில் நரம்பு பின்பக்கமாகப் போகிறது, ஓட்டையே கிடையாது. நல்ல வயரிங் கணவாய்க்கு, முன்னால் குறுக்கே போகிற வயரிங் நமக்கு. ஒரே கை இரண்டையும் திட்டம் போட்டுச் செய்தது என்றால் இது விளங்காது. தனித்தனி வழியில், முன்பு இருந்ததையே ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்தது என்றால் விளங்குகிறது. டார்வின் 1859-ல் சொன்னது இந்த மாதிரி விஷயங்களைத்தான் விளக்குகிறது.

12 மே 2025

ஒரு கண் மருத்துவம் படிக்கும் பெண் திருத்தினார்: ஒரு கண்ணின் ஓட்டையை இன்னொரு கண் நிரப்பிவிடும், அன்றாடம் தொந்தரவே இல்லை, மனிதக் கண்ணை மட்டமாகச் சொல்லாதீர்கள் என்று. சரிதான். மட்டம் என்ற அர்த்தம் வருகிற மாதிரி எழுதிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது 'கோளாறே இல்லை' என்ற பேச்சு நிற்காது என்பது மட்டுமே.

இன்னொன்று. பரிணாமம் உண்மை என்பதால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டையும் ஏற்பவர்கள் நிறைய. விழுவது அந்தச் சான்று மட்டும். சான்று விழுந்தால் ஆள் விழுந்ததாக எடுத்துக்கொண்டு இங்கே சிலர் சண்டைக்கு வருகிறார்கள்.

18 மே 2025

தமிழாசிரியர் ஐயா இந்தத் தடவை என்னை வசமாகப் பிடித்தார். மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்டுக்கொண்டு வருவாளே, 27-ஆம் காதை. அதில் பூதவாதி வருகிறான். மண், நீர், தீ, காற்று போன்ற பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போகும், கண்ணால் காண்பதே சான்று, அனுமானம் வேண்டாம் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

"நீங்களும் பூதவாதிதான், உங்களுக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்" என்கிறார் ஐயா.

ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடித்தேன். ஐயா, அவள் ஜெயித்துவிட்டாள். கண்ணால் பார்த்தால்தான் என்று நான் ஒருநாளும் சொல்லக் கூடாது. மூடிக் கிடக்கிற இன்ஜினில் சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்கிறவன் நான், அனுமானம் இல்லாமல் என் பிழைப்பே இல்லை.

ஆனால் என் அனுமானம் தோற்க முடியும். மூன்றாவது வால்வு என்று சொல்லிப் பிரிக்கிறேன், இரண்டாவதாக இருந்தால் தோற்றேன். முதலாளி கண் முன்னாலேயே தோற்பேன். தாய் தகப்பன் விஷயத்தில்கூட இன்றைக்கு ரத்தத்தைச் சோதித்தால் ஆமா இல்லையா என்று வந்துவிடும். கடவுளுக்குக் காட்டும் சான்று எப்போது தோற்கும்? பிழைத்தால் அவன் அருள். செத்தால் அவன் சித்தம், இல்லாவிட்டால் உன் குறை. என்ன நடந்தாலும் ஜெயிக்கிற வாதத்தை நான் சான்று என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏப்ரல் 28-ஆம் தேதி நான் தேடிக்கொண்டிருந்த படி இதுதான் என்று இப்போது படுகிறது.

'உன் குறை' என்று எழுதினேனே, அதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். இன்றைக்கு முடியாது.

19 மே 2025

"நம்பாதவர் ஏன் வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் நிற்கிறீர்கள்?" என்று பார்த்தவர் யாரோ கேட்டிருக்கிறார். என் மனைவி கும்பிடுகிறாள், நான் கூடப் போகிறேன். அந்தக் கோயிலின் மகிழமரத்துக் கதை எனக்குச் சின்ன வயதிலிருந்து உயிர். சங்கிலி என்ற பெண்ணை மணக்க, அவளை விட்டுப் போகமாட்டேன் என்று சிவனின் தோழர் சுந்தரர் சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். அவர் முன்கூட்டியே சிவனிடம் போய், 'நான் சத்தியம் செய்யும்போது நீ மகிழமரத்தடிக்குப் போய்விடு' என்று கேட்டுக்கொள்கிறார். சிவனோ சங்கிலி கனவில் போய், மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போயிற்று. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கடவுள் தன் தோழனையே விட்டுக்கொடுக்கும் கதை. இதை ரசிக்க அவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை.

24 மே 2025

பிள்ளையார் பால் குடித்ததை ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். 1995 செப்டம்பர் 21. அன்று எங்கள் தெருவில் பால் தட்டுப்பாடு. நானும் ஸ்பூனில் கொடுத்தேன், குடித்தார். வீட்டுக்கு வந்து அம்மிக்குழவிக்குக் கொடுத்தேன், அதுவும் குடித்தது. ஸ்பூன் விளிம்பில் பால் கல்லைத் தொட்டதும் இழுபட்டு, மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். வெள்ளைப் பளிங்கில் கண்ணுக்குத் தெரியாது. டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்தபோது வழிகிற கோடு தெரிந்துவிட்டது. இதில் சொல்ல வேறு எதுவும் இல்லை.

25 மே 2025

தீமிதி. இதை எழுதுவதற்கு நாலு நாள் தள்ளிப்போட்டேன்.

நான் இரண்டு தடவை மிதித்திருக்கிறேன். முதல் தடவை 16 வயதில், முழு நம்பிக்கையோடு. காப்புக் கட்டி பத்து நாள், ஒரு வேளைச் சோறு, மஞ்சள் வேட்டி. குண்டத்தின் ஓரத்தில் நின்றபோது முகத்தில் அடித்த அனல் இப்போதும் நினைவிருக்கிறது. பூக்கரகம் முன்னால் போனது, வேப்பிலைக் கொத்தை இறுக்கிப் பிடித்தேன், ஓடினேன். அந்தப் பக்கம் பால் தெளித்த குழியில் கால் பட்டதும்தான் கடந்துவிட்டேன் என்று தெரிந்தது. ஒரு கொப்புளம் இல்லை. ஆத்தா தாங்கினாள் என்று அழுதேன்.

இரண்டாவது தடவை 21 வயதில். அதற்குள் என் நம்பிக்கை போய்விட்டது. அம்மா கேட்டுக்கொண்டதால் காப்புக் கட்டினேன். மிதிக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி, காப்போடு, ஹார்பரில் நண்பன் வீட்டில் வஞ்சிரம் வறுவல் தின்றேன். தெரிந்தே தின்றேன். என்ன ஆகிறது பார்க்கலாம் என்றுதான். மறுநாள் மிதித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு முன்னால் போனவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. மகனுக்கு வலிப்பு வருகிறது என்று வேண்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூட அளந்து குடித்தவர். நடுக்குண்டத்தில் கால் தயங்கி நின்றுவிட்டார். இரண்டு நொடி இருக்கும். விரலிடுக்கில் கங்கு ஒட்டிக்கொண்டது. அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். பாதத்தின் தோல் உரிந்து தொங்கியது.

கரியும் சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். சைலன்ஸர் குழாயைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், அதே குழாய்மேல் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சட்டென்று தொட்டு எடுத்தால் தப்பிக்கலாம். நிற்காமல் நடந்தால் கால் பிழைக்கும், நின்றால் வேகும். அக்கா நின்றார், நான் நிற்கவில்லை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "என்னமோ குறை வெச்சிருக்கா." தீட்டோடு வந்திருப்பாள், மனசு சுத்தமில்லை, யாரையோ திட்டியிருப்பாள். கட்டுப் போட்ட காலோடு அந்த அக்காவும் அதையே சொல்லிக்கொண்டு அழுதார், நான் எங்கே தப்பு பண்ணினேன் என்று. வஞ்சிரம் தின்றவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. "அக்கா, குறை வைத்தவன் நான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அம்மாவுக்குப் பயந்தேன், ஊருக்குப் பயந்தேன். அவர் இப்போது இல்லை.

26 மே 2025

வேண்டுதலை யாராவது சோதித்திருக்கிறார்களா என்று தம்பி கேட்டார். பெரிய சோதனை 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர், ஆறு மருத்துவமனைகள். உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்ட இரு பிரிவுகளில், யாருக்காக ஜெபித்தார்களோ அவர்களில் 52 சதவீதம் பேருக்கும் யாருக்காக ஜெபிக்கவில்லையோ அவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட பிரிவில் 59 சதவீதம்.

27 மே 2025

அந்த 59-ஐ வைத்துக்கொண்டு 'ஜெபம் ஆளைக் கெடுக்கும்' என்று நம்ம பக்கத்து ஆட்களே குதிக்கிறார்கள். வேண்டாம். அது தற்செயலாக இருக்கலாம், ஜெபம் பண்ணும் அளவுக்கு நம் நிலைமை மோசமோ என்ற பயமாகவும் இருக்கலாம். நமக்குச் சாதகமான எண் என்றால் மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டால் நாமும் பாதிக் கணக்குக்காரர்கள்தான்.

8 ஜூன் 2025

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு நான் இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. வேளாங்கண்ணி என்றதும் எனக்குச் சுனாமி நினைவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

1986-ல் எங்கள் அண்ணன் கட்டுமரத்தில் போனவன் இரண்டு நாளாகியும் வரவில்லை. எங்கள் வீட்டில் அம்மனும் உண்டு, மாதாவும் உண்டு. கடற்கரையில் அப்படித்தான். மூன்றாம் நாள் அம்மா தன் மூக்குத்தியை விற்று, வெள்ளித் தகட்டில் ஒரு படகு வாங்கினாள். பையன் வந்ததும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

தகடு ஒரு விரல் நீளம். பாய்மரத்தில் மூன்று கோடு, கீழே அலைக்கு மூன்று வளைவு. ஓரம் சரியாகத் தேய்க்காததால் கையைக் கீறும். மாட்டுவதற்கு மேலே ஒரு சின்ன ஓட்டை. அதில் அம்மா கட்டிய மஞ்சள் நூல் இன்னும் இருக்கிறது, கறுத்துவிட்டது.

சொந்தக்காரர்கள் வந்து கேட்டார்கள்: வேண்டிக்கொண்ட பிறகு கவுச்சி தின்றாயா? விலக்கு நாளா? மூக்குத்தி விற்ற காசில் மீதியை வேறு செலவுக்கு எடுத்தாயா? எடுத்திருந்தாள். அரிசி வாங்க. சாகும்வரைக்கும் அந்த அரிசிதான் அவள் பிள்ளையைக் கொன்றது என்று நம்பினாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து 'அந்த அரிசிய வாங்காம இருந்திருக்கலாம்' என்பாள்.

தியாகோரஸ் கேட்ட படம் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, தம்பி. கோயிலின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றை நீங்கள் சான்றாகக் காட்டும்போதெல்லாம் இதையும் பக்கத்தில் வைத்து எண்ணச் சொல்லி நான் கேட்பேன். எண்ணாவிட்டால் மிச்சக் கணக்கு அம்மா மாதிரி ஆட்கள் பேரில்தான் எழுதப்படுகிறது.

10 ஜூன் 2025

ராயபுரம் அக்கா ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "அந்த அம்மாவை இத்தனை வருஷம் எழுந்து நடமாட வைத்ததும் அந்த நம்பிக்கைதான். அதைப் பிடுங்கிவிட்டு நீங்கள் என்ன கொடுத்திருப்பீர்கள்?"

அக்கா, இரண்டு நாள் இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலில் அவளோடு உட்கார்ந்திருந்த பெண்கள்தான் அவளைச் சாப்பிட வைத்தார்கள். எனக்கு அது தெரியும். நான் கொடுத்தது என்ன என்றால், 19 வயதில் கோபத்தில், "சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, அலை அடிச்சுச்சு, செத்தான்" என்று கத்தினேன். அந்த வார்த்தை உண்மைதான். ஆனால் அதை நான் அவள் முகத்தில் எறிந்தேன், கையில் கொடுக்கவில்லை. அரிசி வாங்கியது தப்பில்லை அம்மா என்பதும் அதே உண்மையின் இன்னொரு பாதிதான். அதை அவளிடம் உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு நாளாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீங்கள் என்னைத் திட்டியதில் அந்த அளவு நியாயம் இருக்கிறது.

மற்றபடி 'குறை' என்ற சொல்லை யாராவது ஒரு தாயிடம் சொன்னால் இனி நான் சும்மா இருக்கப்போவதில்லை. அதற்குக் கடவுள் இல்லை என்று நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீங்களும் கூடச் சேர்ந்து சொல்லலாம்.

11 ஜூன் 2025

அக்கா பதில் போட்டிருக்கிறார். "அதுல நானும் உங்க பக்கம்தான்." நன்றி அக்கா.

14 ஜூன் 2025, இரவு

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. சாயங்காலம் முழுக்க ஹார்பரில் ஒரே கற்பூர வாசனை, பூசணிக்காய் உடைத்த சிவப்புத் தண்ணீர் பலகையெல்லாம். ஒரு படகில் பூசை முடிந்து ஓனர் எனக்குத் திருநீறு நீட்டினார். எனக்கு வேண்டாம், உள்ளே போய் ஒரு தடவை தண்ணீர் இறைக்கிற பம்ப்பைப் பார்க்கிறேன் என்றேன். கோபப்படவில்லை. பில்டரில் நூல் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன். லைஃப் ஜாக்கெட் ஏழு இருந்தது, போகிற ஆள் எட்டு. இன்னொன்று வரும்வரை கிளம்பாதே என்றேன். பக்கத்துப் படகிலிருந்து கடன் வாங்கினார்கள். வயர்லெஸ் பேசிப் பார்த்தோம்.

முதல் கேள்வி கேட்ட தம்பியும் வந்திருந்தார், இன்றுதான் முகம் பார்த்தேன். அவருடைய மாமா அந்தப் படகில் போகிறார். கழுத்தில் மாதா டாலர். அதைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு, ஜாக்கெட்டின் பட்டையை மாமாவுக்கு அவரே இழுத்துக் கட்டினார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார், அந்தத் தகட்டைப் பார்க்கலாமா என்று. நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.